இருநூற்றுப் பதினைந்து கிலோவும் ஒரு புன்னகையும்

"மூஞ்சிய ஆட்டாத கண்ணு" என்று நசீமாக்கா சொல்வது இது ஏழாவது தடவை. பிரமிளா ஆட்டவே இல்லை. மூக்கு நுனி அரித்தபோதுகூட அதை மனசுக்குள்ளேயே சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஈர ஸ்பாஞ்ச் கன்னத்தில் படும்போதெல்லாம் தாடை தானாக இறுகியது, அதுதான் அக்காவுக்கு ஆட்டமாகப் பட்டது போலிருக்கிறது. மேக்கப்புக்கு ஐம்பது நிமிஷம் ஆகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். வேலூர் சத்துவாச்சாரி ஜிம்மில் ஐம்பது நிமிஷம் கிடைத்தால் பிரமிளா மொத்தமாக இரண்டு டன் இரும்பைத் தூக்கி இறக்கிவிடுவாள். இங்கே கோடம்பாக்கத்து ஸ்டூடியோவில், மூன்றாவது மாடியில், அவளுடைய இரண்டு புருவத்தைத் தூக்கி நிறுத்தவே இருபது நிமிஷம் போய்விட்டது. கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்பு எரிந்தது. நடுவில் இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாருடையதாகவோ ஆகிக்கொண்டிருந்தது. பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுடைய முகம். பெயர் ரம்யா என்று இருக்கலாம். ரம்யா காலையில் ஓட்ஸ் சாப்பிடுவாள், ரம்யாவுக்கு வியர்க்காது, முக்கியமாக ரம்யாவுக்குப் பசிக்காது. பிரமிளாவுக்குப் பசித்தது. கொலைப்பசி. பக்கத்து ஸ்டூலில் ஒரு தட்டு நிறைய சமோசா இருந்தது, எண்ணெய் காகிதத்தில் ஊறிப் பரவிக்கொண்டே வந்தது, அந்த எண்ணெய்க் கறையையாவது நக்கலாமா என்று தோன்றுகிற அளவுக்குப் போய்விட்டது நிலைமை. சனிக்கிழமை இதே சென்னையில் இந்தியப் பளுதூக்கும் அணிக்கான தேர்வுப் போட்டி. எழுபத்தோரு கிலோ பிரிவு. இன்றைக்குப் புதன், காலையில் அவள் எடை எழுபத்திரண்டு புள்ளி நான்கு. ஒரு சமோசா எத்தனை கிராம் இருக்கும், முகத்தில் அப்புகிற இந்த மாவு எத்தனை கிராம் இருக்கும், இதோடு போய் மெஷினில் ஏறினால் பிரிவே மாறிவிடுமோ என்றெல்லாம் யோசனை ஓடியது. அந்த யோசனையில் உதடு லேசாகக் கோணியது, "பாத்தியா, ஆட்டறே" என்றாள் நசீமாக்கா. எட்டு.

இந்த அக்காவுக்குத் தெரியாது, தமிழ்நாட்டிலேயே முகத்தை ஆட்டாமல் வைத்துக்கொள்வதில் பிரமிளாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆறு வருஷப் பயிற்சி. எல்லாம் அந்த ஸ்டிக்கரால் வந்த வினை. பதினாறு வயசில் மாவட்டப் போட்டியில் தங்கம் வாங்கினாள், மறுநாள் பேப்பரில் படம் வந்தது. முகம் மட்டும். கழுத்து நரம்பு கயிறு கயிறாக, கன்னம் ரெண்டும் ஊதி, கண் பிதுங்கி, வாய் ஒரு பக்கமாக இழுத்து, கீழ்ப்பல் வரிசை முழுக்க வெளியே. அப்பா அதை லேமினேட் போட்டு டிவி மேல் வைத்தார், அவர் கண்ணுக்கு அது மகாலட்சுமி. ஐந்து வருஷம் அது சாதுவாக டிவி மேலேயே இருந்தது. அப்புறம் எந்தப் புண்ணியவான் எந்தப் பழைய பேப்பரிலிருந்து எடுத்தானோ, ஒருநாள் சித்தப்பாவின் வாட்ஸப்பிலிருந்து குடும்ப குரூப்பில் அந்த முகம் வந்து விழுந்தது, கீழே கொட்டை எழுத்தில் 'மூணு நாளா போகல'. சித்தப்பாவுக்கு அது சொந்த அண்ணன் மகள் என்றே தெரியவில்லை, சனியன், மூட்டுவலித் தைலம் பற்றி யாரோ கேட்டதற்குப் பதிலாக அதைப் போட்டிருந்தார். பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். பதினெட்டாவதாக அம்மா. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், பெண்ணின் படம் என்று பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மையைப் போட்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி பிரமிளா அழுதாள், அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, தலையணை நனைய அழுதாள். மறுநாள் ஜிம்மில் எடைத் தட்டு மாட்டிய பாரைப் பிடித்தபோது, தூக்குவதற்கு முன்னால் வழக்கமாகப் போடுகிற சத்தம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வாய் மூடிக்கொண்டது. இரண்டு உதடும் ஒட்டி, கண் சாந்தமாக, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி தூக்கினாள். பார்த்தவர்கள் எல்லாம் ஆஹா என்றார்கள், எவ்வளவு ஈஸியாகத் தூக்குகிறாள் பார் என்றார்கள். அதிலிருந்து அவளை எடுத்த படங்கள் எல்லாமே நல்லா வந்தன. தூக்குகிற எடைதான் அப்படியே நின்றது.

ரெஜினாக்கா மட்டும் ஆஹா சொல்லவில்லை. ரெஜினாக்கா கோச், பிரமிளாவைவிட எட்டு வயசுதான் மூத்தவள், ஒரு காலத்தில் இதே பிரிவில் தூக்கியவள், இப்போதும் கோபம் வந்தால் பக்கத்தில் இருக்கும் இரும்புத் தட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டுத்தான் பேசுவாள். நூற்றெட்டு வரைக்கும் பிரமிளா தூக்குகிறாள். நூற்றிப் பதினொன்று தூக்கினால் அணியில் இடம், அதற்குக் குறைந்தால் பழையபடி வேலூர். அந்த நூற்றிப் பதினொன்றைத் தோளுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள், தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுகிற இடத்தில் விட்டுவிடுகிறாள். ஒரு தடவை இல்லை, இந்த மாசத்தில் மட்டும் ஒன்பது தடவை. "ஒடம்புல இன்னாடி கொற ஒனக்கு? ஒரு கொறயும் கெடயாது. பாதி பலம் வாய மூடிகினு இருக்கறதுக்கே பூடுது. அழகிப் போட்டிக்கா போற? கத்துடி! மூஞ்சிய வுடு!" என்று ரெஜினாக்கா ஒரு இருபது கிலோ தட்டை வாசல் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கத்தினாள். பிரமிளாவும் விடத்தான் பார்க்கிறாள். பாரைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, இப்போது விடு, என்று நினைக்கிற அந்த நொடியில் சித்தப்பா வந்து நிற்கிறார், பதினேழு பேர் சிரிக்கிறார்கள், உதடு கதவைச் சாத்திக்கொள்கிறது. நூற்றிப் பதினொரு கிலோ முன்னால் விழுகிறது. அந்தச் சத்தம் வெகு நேரம் காதிலேயே இருக்கும். சனிக்கிழமையும் அந்தச் சத்தம்தான் கேட்கப் போகிறது என்று நினைத்ததும் பசியே மறந்துபோயிற்று. பயம். வயசு இருபத்தேழு, அடுத்த தேர்வு வருவதற்குள் முட்டி என்ன சொல்லுமோ. இந்த நேரத்தில் போட்டோவுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறோமே, புத்தி எங்கே போயிற்று? புத்தி எங்கேயும் போகவில்லை. 'தேகம்' பத்திரிகையில் அட்டைப்படம் என்று சொன்னதும் அது தானாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. நல்லா ஒரு படம் வந்துவிட்டால் அந்தப் பழைய முகம் தொலைந்துவிடும் என்று ஒரு நப்பாசை, வேறென்ன.

"ஆரம்பிக்கலாமா மேம்?" என்று பத்திரிகைக்காரப் பெண் வைஷாலி நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேக்கப் நடக்கும்போதே பேட்டியையும் முடித்துவிடலாம் என்பது அவளுடைய ஏற்பாடு. வாயை ஆட்டாதே என்று ஒருத்தி, வாயைத் திற என்று இன்னொருத்தி. பிரமிளா பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டின் ஓர் ஓரத்தால், பொம்மலாட்டக்காரன் குரல் கொடுப்பதுபோல் பதில் சொல்லத் தயாரானாள். போன மாத அட்டைப்படம் அவளுடைய ஜிம்மிலேயே தூக்குகிற தினகர்தான். அவனிடம் என்னென்ன கேட்டிருந்தார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். முழங்காலுக்கு மேலே பார் வந்ததும் வேகத்தை எப்படிக் கூட்டுகிறீர்கள், அடுத்த இலக்கு எத்தனை கிலோ. பதிலெல்லாம் அவள் நேற்று பஸ்ஸில் வரும்போதே தயார் செய்திருந்தாள், குறிப்பாகக் கிலோவுக்கு. வைஷாலி பேப்பரைப் பார்த்துப் படித்தாள். "உங்க ஸ்கின் இவ்ளோ க்ளோவா இருக்கே, சீக்ரெட் என்ன?" க்ளோ போட்டுக்கொண்டிருப்பவள் பக்கத்திலேயே ஸ்பாஞ்சோடு நிற்கிறாள், கேட்டால் பிராண்டே சொல்லுவாள். "வேர்வை" என்றாள் பிரமிளா. வைஷாலி 'நிறையத் தண்ணீர்' என்று எழுதிக்கொண்டாள். "வீட்ல சமைப்பீங்களா?" "சாப்புடுவேன்." அது 'சமையலில் ஆர்வம் உண்டு' ஆனது. "இவ்ளோ ஹெவியா பண்ணியும் பெண்மைய எப்படி மெயின்டெயின் பண்றீங்க?" இதற்குப் பிரமிளா கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கலாம். "அதும்பாட்டுக்கு இருக்குதுங்க" என்றாள். "சூப்பர். எத்தன கிலோ…" என்று வைஷாலி ஆரம்பித்ததும் பிரமிளா நாற்காலியில் நிமிர்ந்தாள், வந்துவிட்டது, நூற்றெட்டு, சனிக்கிழமை நூற்றிப் பதினொன்று, "…கொறச்சிருக்கீங்க, இந்த ஃபிகருக்கு வர?" என்று முடித்தாள் வைஷாலி. ஒண்ணரை கொறைக்கணும் என்று பிரமிளா சமோசாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வைஷாலி நல்ல பெண், அதில் சந்தேகமில்லை, போகும்போது தட்டை நகர்த்தி "ஒண்ணு எடுத்துக்கோங்க மேம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அவள் வைத்துவிட்டுப் போன பக்க மாதிரியில் தலைப்பு முன்னாலேயே அச்சாகியிருந்தது: 'வியர்வையிலும் ஒரு வசீகரம்'. தினகருக்கு என்ன தலைப்பு? 'வெறி'. ஒரே வார்த்தை. படத்தில் அவன் முகம் வெந்த பூசணி, எச்சில் தெறித்து லைட்டில் பளபளத்தது, அவன் மீசையில் ஒட்டியிருந்ததைக்கூட யாரும் துடைக்கவில்லை. அவனை யாரும் ஸ்டிக்கர் ஆக்கவும் இல்லை.

நசீமாக்கா கையைப் பிடித்துத் திருப்பினாள். "இன்னா கண்ணு இது, கையா, கொத்தனார் கரண்டியா?" விரல் அடிவாரத்தில் வரிசையாகக் காய்ப்பு, நாலும் நாலும் எட்டு. அதையும் மறைக்கச் சொல்லி உத்தரவாம், குளோசப் எடுக்கிறார்களாம். அக்கா உள்ளங்கைக்கு மேக்கப் போட ஆரம்பித்தாள், பதினொரு வருஷத்து இரும்பு ரோஸ் கலரில் மூழ்கியது. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் கிணுங்கியது. "எம்பொண்ணு. நர்சிங் படிக்கிறா. இன்னிக்குப் பரீட்ச. மொதல்லயே அனுப்பியிருக்கணும், ஒன் காய்ப்பப் பாத்து மறந்துட்டேன்" என்று ஒற்றை விரலால் எதையோ தேடி அனுப்பினாள். பிறகு தானாகவே போனைப் பிரமிளா பக்கம் திருப்பினாள். "இத்தப் பாரேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் இத்ததான் அனுப்புவேன். இது இல்லாம எழுதப் போவமாட்டா." பிரமிளா பார்த்தாள். கயிறு கயிறாகக் கழுத்து, ஊதின கன்னம், கீழ்ப்பல் வரிசை. எழுத்து மட்டும் இல்லை, யாரோ வெட்டியிருந்தார்கள். ஸ்டூல், பல்பு, சமோசா எல்லாம் ஒரு சுற்று சுற்றி நின்றன. கண்ணாடியில் ரம்யா சாந்தமாக உட்கார்ந்திருந்தாள், நல்லவேளை, அக்காவுக்கு அடையாளம் தெரிய வழியே இல்லை, அக்காவே பூசி மெழுகிவிட்டாள். ஓடிவிடலாமா? மூன்று மாடி. லிஃப்ட் வேறு ரிப்பேர். "கீழ என்னமோ எழுதியிருந்தான், கேவலமா. எம்பொண்ணுதான் வெட்டி எடுத்தா" என்றாள் அக்கா. பிரமிளா உதட்டோரத்தால் கேட்டாள், "யாருக்கா இது?" "யாருன்னு தெர்ல. இன்னா பண்றான்னும் தெர்ல. மொதல்ல புள்ள பெக்குறான்னு நெனச்சேன். எம்பொண்ணு, இல்லம்மா, பஸ்ஸத் தள்றான்னுது. இன்னா வேணா இருக்கட்டும். ஆனா ஒண்ணு, வுடமாட்டா பாத்துக்கோ. அது மூஞ்சிலயே தெரியுது. எனக்கு மனசு செரியில்லன்னா இத்த எடுத்துப் பாத்துக்குவேன்" என்றாள் நசீமாக்கா, போனை மாரோடு வைத்துக்கொண்டு. பிரமிளாவின் கண்ணில் நீர் முட்டியது. "ஏய், ஏய், மை கலங்கும்! ஆட்டாத!" ஒன்பது.

படம் எடுக்கிற இடத்தில் பார் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் பிரமிளாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெர்மகோலில் வட்டம் வெட்டி, ரோஸ் பெயின்ட் அடித்து, இரண்டு பக்கமும் 'நூறு கிலோ' என்று வெள்ளையில் எழுதியிருந்தார்கள். நடுக்கம்பி பதினைந்து என்று வைத்தால் இருநூற்றுப் பதினைந்து. அவளுக்குத் தெரிந்து எந்த நாட்டிலும் எந்தப் பெண்ணும் தூக்காத எடை. அதைச் சிரித்துக்கொண்டே தூக்க வேண்டும். "ஸ்ட்ரெயின் தெரியக்கூடாது மேடம். வெயிட்டே இல்லாத மாதிரி, ஈஸியா, ஒரு ஸ்மைலோட" என்றான் போட்டோகிராபர் பிரணவ். வெயிட்டே இல்லாத மாதிரி தூக்க அதில் வெயிட் இருந்தால்தானே. அவள் குனிந்தாள். இங்கேதான் தப்பு நடந்தது. கைக்குத் தெரியாது அது தெர்மகோல் என்று. கை பாரைத் தொட்டதும் உடம்பு முழுக்கத் தானாகக் கூடியது, குதிகால் தரையை அழுத்தியது, முதுகு பலகையானது, மூச்சு அடிவயிற்றில் பூட்டிக்கொண்டது, பதினொரு வருஷத்துப் பழக்கம் 'ம்' என்றது, இருநூற்றுப் பதினைந்து கிலோவும் பட்டம் மாதிரி பறந்து மேலே லைட்டுக்கு முன்னால் தொங்கிய வெள்ளைக் குடையைக் கிழித்துக்கொண்டு போய் லைட்டில் மோதியது, உள்ளங்கை மேக்கப் வழுக்கியது, பிரமிளா மல்லாக்க விழுந்தாள். ஒரு தட்டு உருண்டுபோய் சமோசா ஸ்டூலுக்குக் கீழே படுத்துக்கொண்டது. எல்லோரும் ஓடிவந்தார்கள். அடி ஒன்றும் இல்லை. பிரணவ் கேமராவைப் பார்த்துவிட்டுக் குதித்தான். "மேடம்! நம்பவே முடியல! விழும்போதுகூட எக்ஸ்பிரஷன் போகல மேடம்! இதான் கவர்!" காட்டினான். இரண்டு காலும் ஆகாயத்தில், தலைமுடி விசிறியாக, பின்னால் ஒரு குடை கிழிந்து தொங்க, நடுவில் ரம்யா. உதடு ஒட்டி, கண் சாந்தமாக, லேசான புன்னகை. பிரமிளா பயந்துபோனாள். விழும்போதுகூடவா? கழுத்து முறிந்திருந்தாலும் இப்படித்தான் கிடந்திருப்பேனா? இந்த முகம் சனிக்கிழமையும் கூடவே வரும். பார் கழுத்தில் விழுந்தாலும் வாயைத் திறக்காது. நல்ல படம் வேண்டும் என்று ஆறு வருஷமாக ஆசைப்பட்டாயே, இதோ வந்துவிட்டது, வாங்கிக்கொள் என்று யாரோ கையில் கொடுத்தமாதிரி இருந்தது. அப்புறம் எழுந்து, அவர்கள் சொன்ன இடத்தில் நின்று, சொன்ன பக்கம் சிரித்து, நாற்பது படம் கொடுத்தாள். எல்லாம் பிரமாதம் என்றார்கள்.

கிளம்புகிற நேரம் ஸ்டூடியோ வாசலில், மாடிப்படிப் பக்கம் நசீமாக்கா தன் பச்சை டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் வாட்ச்மேனும் டிரைவரும் சேர்ந்து மூச்சு வாங்கி ஏற்றிவிட்ட பெட்டி, இப்போது டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். "அம்பது கிலோ இருக்கும் கண்ணு, நீ போ, அவன் வருவான்" என்றாள் அக்கா. ஐம்பது கிலோ பிரமிளாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. ரம்யாவே தூக்கிவிடுவாள், பேசிக்கொண்டே, புன்னகையோடு. "எந்திரிக்கா" என்றாள். பிடி வழுக்காமல் இருக்கப் பூசுகிற சாக்பொடியைப் பையிலிருந்து எடுத்துக் கையில் தேய்த்தாள், ரோஸ் உதிர்ந்து காய்ப்பு எட்டும் வெளியே வந்தன. இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்தாள். பெட்டி மார்புக்கு வந்தது. ஒன்று, இரண்டு. சித்தப்பா வந்தார். பதினேழு பேரும் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே முகம் தெரியாத ஒரு நர்சிங் பெண்ணும் வந்து, பரீட்சை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைத் தள்ளும்மா என்று நின்றாள். பிரமிளா வாயைத் திறந்தாள். வந்தது சத்தமா அது, ஆறு வருஷம் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் ஒரே மூச்சில் வந்தது, உள்ளே பிரணவ் எதையோ கீழே போட்டான், வைஷாலி "ஐயோ" என்றாள், மாடிப்படியில் ஒரு பூனை நாலு கால் பாய்ச்சலில் இறங்கி ஓடியது. ஐம்பது கிலோவுக்கு இவ்வளவு சத்தம் அநியாயம்தான். கன்னம் ஊதியது, கண் பிதுங்கியது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கீழ்ப்பல் வரிசை வெளியே வந்தது, பூசி வைத்த ரம்யா கண்ணோரத்தில் விரிசல் விட்டுச் சில்லு சில்லாக உதிர்ந்தாள். பெட்டி தலைக்கு மேல் நின்றது. ஆடவே இல்லை.

நசீமாக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த போனைத் தட்டி எதையோ தேடி எடுத்துப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். "அடிப்பாவி" என்றாள். "அப்போ இதுல நீ… தூக்கிகினு இருந்தியா?" பெட்டியை இறக்காமலேயே பிரமிளா தலையை ஆட்டினாள். அக்கா கிட்டே வந்து, தான் போட்ட மேக்கப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், காலையிலிருந்து அந்த மூன்றாவது மாடியில் யாருமே கேட்காததைக் கேட்டாள்.

"எத்தினி கிலோ கண்ணு?"

"அன்னிக்கு எழுபத்தெட்டுக்கா. சனிக்கெழம நூத்திப் பதினொண்ணு."